பெர்லின் யூத அருங்காட்சியகம்: கட்டடம் பார்த்தால் போதுமா?

கேள்வி (பிப்ரவரி 9, 2025)

மார்ச் மாதம் அலுவலக வேலையாக பெர்லின் போகிறேன். ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைக்கும். யூத அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த நண்பர்கள் எல்லோரும் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உள்ளே நடக்கும் கண்காட்சிகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேடிப் படித்தால் காமிக்ஸ் கண்காட்சி, விருத்தசேதனம் பற்றி ஒன்று, பாலுறவு பற்றி ஒன்று என்று என்னென்னவோ நடந்திருக்கின்றன. அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்ட ஓர் இனத்தின் நினைவிடத்தில் இவையெல்லாம் எதற்கு? கட்டடத்தை மட்டும் பார்த்து அஞ்சலி செலுத்திவிட்டு வந்தால் போதும் என்பது என் கருத்து. பெர்லினில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

போதாது.

நான் இந்த ஊரில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், அந்த அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப்போவது என் வழக்கம். நீங்கள் சொல்லும் கருத்தை ஒவ்வொரு முறையும் யாராவது சொல்லக் கேட்கிறேன். அதனால் கொஞ்சம் வேகமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், அது நினைவிடம் அல்ல. நினைவிடம் வேறு இருக்கிறது. பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில், பீட்டர் ஐசன்மன் வடிவமைத்த 2,711 கான்கிரீட் பாளங்கள், 2005-இல் திறந்தது. அஞ்சலி செலுத்த அங்கே போங்கள். லிண்டன் தெருவில் இருப்பது அருங்காட்சியகம். ஜெர்மனியில் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், இன்று எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டுவதற்காக ஏற்பட்டது. கொலை அந்தக் கதையில் வருகிறது, அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் கதை அதற்கு வெகு காலம் முன்பே தொடங்குகிறது. கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், கொலோன் நகர சபைக்கு யூதர்களையும் அழைக்கலாம் என்று ஆணையிட்டார். இன்றைய ஜெர்மனி இருக்கும் மண்ணில் யூதர்கள் இருந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். 1,700 ஆண்டு வாழ்க்கையைப் பன்னிரண்டு ஆண்டுக் கொலைக்குள் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

பிப்ரவரி 10

கட்டடத்தை நான் மட்டம் தட்டுவதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அதை எனக்குப் பிடிக்கும்.

டேனியல் லிபெஸ்கிண்ட் 1989-இல் போட்டியில் வென்று கட்டியது. துத்தநாகத் தகடு போர்த்தி, முறிந்து முறிந்து திரும்பும் கட்டடம். தெருவிலிருந்து அதற்கு வாசலே கிடையாது. பக்கத்தில் 1735-இல் எழுந்த பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்து, கறுப்புக் கல் படிகளில் நிலத்தடிக்கு இறங்கித்தான் போகவேண்டும். கீழே மூன்று பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஒரு பாதை ஹோலோகாஸ்ட், அதாவது யூதப் படுகொலையின் பெயர் தாங்கிய கோபுரத்தில் முடிகிறது. 24 மீட்டர் உயரத்துக்கு வெறும் கான்கிரீட், பனிக்காலத்தில் உள்ளேயும் பனிக்காலம்தான், வெளிச்சம் உச்சிக்கருகே ஒரு கீறல் வழியாக மட்டும். இன்னொரு பாதை நாடுகடந்தோர் தோட்டத்துக்குப் போகிறது. சாய்ந்த தரையில் 49 தூண்கள், அவற்றின் தலையில் செடிகள். 48 தூண்களில் பெர்லின் மண், ஒன்றில் ஜெருசலேம் மண். அங்கே நடந்தால் தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தோன்றும்.

மூன்றாவது பாதைக்குத் தொடர்ச்சியின் பாதை என்று பெயர். மூன்றிலும் நீளமானது அதுதான். அது ஒரு பெரிய மாடிப்படியில் ஏறிக் கண்காட்சிக்குப் போகிறது. கட்டியவரே கடைசியில் மேலே ஏறுங்கள் என்றுதான் வழி போட்டிருக்கிறார். நான் அழைத்துப்போனவர்களில் பலர் கோபுரமும் தோட்டமும் முடிந்ததும் களைத்துப்போய், கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

இரும்பு முகங்களைப் பற்றிக் கேட்டவருக்கு.

கட்டடத்தின் ஊடே காலியாக விட்ட செங்குத்தான வெற்றிடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தரையில் இஸ்ரேலியச் சிற்பி மெனாஷே காதிஷ்மன் செய்த முகங்கள் கிடக்கின்றன, பத்தாயிரத்துக்கும் மேல். அந்தப் படைப்பின் பெயர் உதிர்ந்த இலைகள். கனமான இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, இரண்டு கண், ஒரு மூக்கு, திறந்த வாய். அவ்வளவுதான். கிட்டே குனிந்து பாருங்கள். வெட்டிய ஓரம் வழுவழுப்பாக இருக்காது. ஒரு முகத்தின் வாய் இன்னொரு முகத்தின் நெற்றிமேல் கிடக்கும். சில முகங்கள் உள்ளங்கை அகலம், சில அதைவிடப் பெரியவை. துரு நிறம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். அவற்றின்மேல் நடக்கலாம். கால் வைத்தால் தகடு தகட்டோடு மோதி எழும் ஓசை மேலே சுவர் முழுக்க ஏறிப் போய்த் திரும்பி வரும். காதிஷ்மன் இதை யூதர்களுக்கு மட்டும் என்று வைக்கவில்லை, போரிலும் வன்முறையிலும் இறந்த அப்பாவிகள் எல்லோருக்கும் என்றார்.

நடப்பதா வேண்டாமா என்பது அவரவர் மனம். என் பெரியம்மா ஓரத்திலேயே நின்றுவிட்டார். நான் நடந்திருக்கிறேன். ஆனால் அதன்மேல் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரி 12

இந்த வாதம் புதிதல்ல. கட்டடம் 1999-இல் முடிந்தது. உள்ளே ஒரு பொருளும் இல்லாமல், வெறும் சுவரைப் பார்க்கவே சுமார் மூன்றரை லட்சம் பேர் வந்தார்கள். இப்படியே காலியாக விட்டுவிடுங்கள், இதுவே போதும் என்று சொன்னவர்கள் அப்போதே உண்டு. நீங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

விடவில்லை. அதற்கு முக்கியக் காரணம் மைக்கேல் புளூமென்தால். 1926-இல் பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பர்க்கில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி ஷாங்காய்க்குப் போனார், அங்கிருந்து அமெரிக்கா. ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் நிதியமைச்சர். எழுபது வயதுக்கு மேல், தன்னை விரட்டிய ஊருக்கே திரும்பி வந்து 1997-இல் இந்த அருங்காட்சியகத்தின் இயக்குநரானார், 2014 வரை இருந்தார். ஆரம்பத்தில் பெர்லின் நகர அருங்காட்சியகத்தின் ஒரு துறையாகத்தான் இது திட்டமிடப்பட்டது. தனி நிறுவனமாக நிற்க வேண்டும் என்று வாதாடி வென்றவர்களில் அவர் முதன்மையானவர். 2001 செப்டம்பர் 9 அன்று விருந்தோடு திறப்பு விழா நடந்தது. பொதுமக்களுக்குத் திறக்கக் குறித்திருந்த நாள் செப்டம்பர் 11. நியூயார்க் செய்தி வந்ததும் ஒத்திவைத்து 13-ஆம் தேதி திறந்தார்கள்.

பிப்ரவரி 14

டிக்கெட் பற்றிக் கேட்டவருக்கு: நிலையான கண்காட்சிக்கு இப்போது கட்டணம் இல்லை, ஆனால் நேரம் குறித்து டிக்கெட் எடுக்க வேண்டும். வாசலில் விமான நிலையம் போலப் பை சோதனை உண்டு. எரிச்சல் படாதீர்கள், இந்த ஊரில் யூதப் பள்ளிக்கூட வாசலிலும் காவலர் நிற்கிறார். சுரங்க ரயிலில் வந்தால் ஹாலஷஸ் டோர் நிலையத்தில் இறங்குங்கள்.

பிப்ரவரி 16

இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது. இந்த இழையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

பெர்லினில் யூத அருங்காட்சியகம் என்று முதன்முதலில் திறந்தது 2001-இல் அல்ல. 1933 ஜனவரி 24. ஓரானியன்பர்கர் தெருவில், பொன் வேய்ந்த குவிமாடம் கொண்ட புதிய ஜெப ஆலயம் என்ற யூத வழிபாட்டிடத்துக்கு அடுத்த கட்டடத்தில். கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற கலை வரலாற்றறிஞர் நிறுவியது. தேதியைக் கவனியுங்கள். ஆறே நாளில், ஜனவரி 30 அன்று, ஹிட்லர் ஆட்சித்தலைவர் ஆனான். ஷ்வார்ட்ஸ் அந்த ஆண்டே டெல் அவீவ் போய் அங்கே உள்ள அருங்காட்சியகத்தை நடத்தத் தொடங்கினார். பெர்லினில் மற்றவர்கள் பொறுப்பேற்றார்கள். மூடவில்லை.

அங்கே என்ன காட்டினார்கள் தெரியுமா? சடங்குப் பொருட்களோடு, அந்தக் காலத்து ஓவியங்களை. லெஸர் ஊரி வரைந்தவை இருந்தன, மாக்ஸ் லீபர்மன் வரைந்தவை இருந்தன. லீபர்மன் சாதாரணப்பட்டவர் அல்ல. பிரஷ்யக் கலைக் கழகத்தின் தலைவராக இருந்தவர், பிறகு கௌரவத் தலைவர், பெர்லின் ஓவிய உலகின் பெரியவர். யூத ஓவியர்களின் படங்களைக் கழகம் இனிக் காட்சிக்கு வைக்காது என்ற நிலை வந்தபோது 1933 மே மாதம் பதவியைத் துறந்தார். 1935 பிப்ரவரியில் இறந்தார். அவர் தலைமை வகித்த கழகம் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. 1936-இல் நினைவுக் கண்காட்சி நடத்தியது ஓரானியன்பர்கர் தெரு அருங்காட்சியகம்தான். 1937-இல் இன்னொன்று: ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டபோது அவர்களோடு வெளியேறிய அறிஞர் ஐசக் அப்ரவனேல் பிறந்து ஐந்நூறு ஆண்டு. 1937-இல், பெர்லினில், 1492-இல் துரத்தப்பட்டவரைப் பற்றி ஒரு கண்காட்சி. பார்க்க வந்தவர்களுக்கு அது பழைய சரித்திரமாகப் பட்டிருக்காது.

அந்த ஐந்து ஆண்டுகளில் மற்றக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. வேலை போயிற்று, குடியுரிமை போயிற்று. அந்தச் சமயத்தில் ஒருவர் மாலையில் நல்ல உடை உடுத்திக்கொண்டு ஓவியம் பார்க்கப் போகிறார் என்றால், அது பொழுதுபோக்கா?

1938 நவம்பர் 9 இரவு ஜெப ஆலயங்கள் எரிந்தன. மறுநாள், நவம்பர் 10, அருங்காட்சியகத்தை நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ மூடியது. சேகரிப்பைப் பறிமுதல் செய்தார்கள். போர் முடிந்தபின் பெர்லினிலேயே ஒரு கட்டடத்தில் அந்த ஓவியங்களில் ஒரு பகுதி அகப்பட்டது, அவற்றில் பல ஜெருசலேம் போய்ச்சேர்ந்தன.

நவம்பர் 12 அன்று இன்னோர் ஆணை. யூதர்கள் நாடகம், சினிமா, கச்சேரி, கண்காட்சி எதற்கும் போகக்கூடாது.

கண்காட்சி பார்ப்பதே குற்றமான ஊர் இது. அதே ஊரில் இன்று ஒரு யூத அருங்காட்சியகம் கலைக் கண்காட்சி நடத்துகிறது. இதெல்லாம் எதற்கு என்று கேட்டீர்கள். இதற்குத்தான்.

பிப்ரவரி 17

அந்த ஆணையை அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கலாம்.

2020 ஆகஸ்டில் திறந்த புதிய நிலையான கண்காட்சியில் நாஜி காலத்துக்கான பகுதியில், யூதர்களுக்கு எதிராகப் பிறப்பித்த சட்டங்களும் ஆணைகளும் நீண்ட தாள்களாகக் கூரையிலிருந்து தொங்குகின்றன. 900-க்கும் மேல். அவற்றுக்கு நடுவே நடந்து போகவேண்டும். பெரியம்மாவை அழைத்துப்போனபோது அவருக்காகச் சிலவற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் உரிமம் ரத்து. வானொலிப் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். தட்டச்சு இயந்திரம், சைக்கிள். 1942-இல் ஒன்று: நாய், பூனை, பறவை வளர்க்கக்கூடாது. பெரியம்மா அங்கே நின்றுவிட்டார். முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளி ஆசிரியை, விடைத்தாள் திருத்திப் பழகிய கண். "இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதியிருக்கிறானே ஒருத்தன்" என்றார். கோபுரத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே குளிர்ந்தது, வெளியே வந்தார். இங்கேதான் அவருக்குக் கண் கலங்கியது.

கட்டடம் உடம்பை உலுக்குகிறது. யார், என்ன, எப்போது என்பதை மேலே மாட்டியிருக்கும் தாள்தான் சொல்கிறது.

பிப்ரவரி 22

காமிக்ஸுக்கு வருவோம். நீங்கள் குறிப்பிட்டது 2010-இல் நடந்தது. நாயகர்கள், விசித்திரர்கள், அதிவீர ரபிகள் என்கிற மாதிரி ஒரு தலைப்பு. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் குடியேறிய யூதக் குடும்பத்துப் பையன்கள். அவர்களுடைய நாயகன் அச்சில் வந்தது 1938 ஜூன் இதழில், அதாவது நான் போன வாரம் எழுதிய அதே ஆண்டில். ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் நியூயார்க்கிலும் கிளீவ்லண்டிலும் உட்கார்ந்து ஒரு புதுக் கலையையே உண்டாக்கியிருக்கிறார்கள். அதை யூத அருங்காட்சியகம் காட்டாமல் வேறு யார் காட்டுவது?

விருத்தசேதனக் கண்காட்சி 2014-இல். அதற்கும் காரணம் இருந்தது. 2012-இல் கொலோன் நீதிமன்றம் ஒன்று, மத வழக்கத்துக்காகச் சிறுவனுக்குச் செய்யும் விருத்தசேதனம் உடற்காயக் குற்றம் என்று தீர்ப்பளித்தது. நாடே இரண்டுபட்டது. யூதர்களும் முஸ்லிம்களும் ஒரே பக்கம் நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து அனுமதித்தது. எல்லோரும் கத்தி ஓய்ந்தபின், மூன்று மதங்களிலும் அந்தச் சடங்கின் கதை என்ன என்று ஓவியத்தோடும் பொருளோடும் காட்டினார்கள். பாலுறவு பற்றியது 2024-இல். மனைவிக்குக் கணவன் தரவேண்டிய இன்பம் கடமை என்று யூத மணச் சட்டம் சொல்கிறது. ஒரு பண்பாட்டைப் பற்றி இதைவிட முக்கியமாக என்ன தெரிந்துகொள்ள முடியும்?

செத்தவர்களாக மட்டும் பார்த்தால்தான் இவையெல்லாம் பொருந்தாதவையாகத் தோன்றும். அவர்களும் கல்யாணம் செய்தார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளைகளுக்குப் படக்கதை வாங்கிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 23

கண்ணாடிப் பெட்டிக்குள் யூதரை உட்காரவைத்த கதையைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நடந்தது இதுதான். 2013-இல் ஒரு கண்காட்சி, யூதர்களைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகளையே தலைப்புகளாக வைத்தது. அதில் ஒரு பகுதியில், முன்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள் யூதர் ஒருவர் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார். ஜெர்மனியில் இன்னும் யூதர்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி அதில் எழுதியிருந்தது. வருகிறவர்கள் அவரிடம் எதையும் கேட்கலாம். பத்திரிகைகள் கொதித்தன. ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன்மீது நடந்த வழக்கின்போது அவன் கண்ணாடிக் கூண்டில் இருந்ததைச் சிலர் நினைவுபடுத்தினார்கள். பெர்லின் யூதர்கள் சிலரே வேண்டாம் என்றார்கள்.

அப்போது நானும் வேண்டாம் என்ற பக்கம்தான். பிறகு போய்ப் பார்த்தேன். உள்ளே ஓர் இளைஞர் இருந்தார். சுற்றி நின்றவர்கள் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. ஒரு வயதான ஜெர்மானிய அம்மாள் கடைசியில், நீங்கள் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டார். அவர் பெரும்பாலும் என்றார். அதன் பிறகு பேச்சு கால் மணி நேரம் ஓடியது. அந்த அம்மாள் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு யூதரோடு பேசியதே இல்லையாம். பெர்லினில்.

அதற்காகப் பெட்டி சரி என்று ஆகிவிடாது. எனக்கு இன்னமும் அந்தக் கண்ணாடி உறுத்துகிறது, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதுமாக இருந்திருக்கும். ஆனால் பார்க்காமலே திட்டியவர்களோடு இனி என்னால் சேர முடியாது.

மார்ச் 2

நம் பக்கம் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டவருக்கு. கொச்சி போங்கள்.

மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம், 1568. தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், 18-ஆம் நூற்றாண்டில் பதித்தவை. ஆனால் தமிழர்கள் அங்கே கேட்க வேண்டியது செப்பேட்டைப் பற்றி. கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர அரசன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு 72 உரிமைகள் கொடுத்த ஆவணம் அது. எழுத்து வட்டெழுத்து. பகல் விளக்கு, பல்லக்கு, குடை என்று உரிமைகள் நீளும். ஒரே இனத்தாருக்கு நம் பக்கத்து அரசன் குடையும் பல்லக்கும் கொடுத்து எழுதிய தகடு, ஜெர்மனியில் சைக்கிளைப் பிடுங்கி எழுதிய தாள். இரண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது காட்ட வேண்டும்.

கொச்சிக்கு வடக்கே பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் ஜெப ஆலயங்களைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். சேந்தமங்கலம் முற்றத்தில் 1269-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது, சாரா என்ற பெண்ணுக்கு, எபிரேயத்தில். இரண்டு ஊரிலும் கட்டடம் அழகு. மக்கள் இல்லை. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள், யாரும் விரட்டாமல், தாங்களே விரும்பி. பறவூர் ஆலயத்தில் யூத வேதமான தோராவின் சுருளை வைத்திருந்த மரப் பேழை இன்று ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். பறவூரில் நிற்பது அதைப் பார்த்துச் செய்த நகல்.

மார்ச் 3

நேற்றுச் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஒருவர், அப்படியானால் கட்டடம் மட்டும் இருந்தால் போதும் என்பதற்குக் கேரளம்தான் நல்ல உதாரணம் என்று எழுதியிருக்கிறார். நான் தலைகீழாக நினைக்கிறேன். சேந்தமங்கலத்தில் பெண்களுக்கான மாடத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது, இங்கே அந்தப் பெண்களின் குரல் இருந்திருக்க வேண்டும் என்பதுதான். கொச்சி யூதப் பெண்கள் தங்கள் மலையாளத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பாடியவர்கள். கல்யாணப் பாட்டு, கிளிப் பாட்டு, வேதக்கதைப் பாட்டு. ஆய்வாளர்கள் பதிவும் செய்திருக்கிறார்கள். அந்தப் பாட்டு ஒலிக்கும் அறையில் எனக்கு ஆலயம் புரியும். காலி மாடத்தில் மரவேலை மட்டும்தான் புரிகிறது.

இந்தியத் தொடர்பு இன்னொன்று, இதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. பெர்லினில் பிறந்த ரூடால்ஃப் ஃபான் லைடன், யூத வம்சாவளி காரணமாக 1933-இல் பம்பாய் வந்தார், கலை விமர்சகர் ஆனார். வியன்னாவிலிருந்து ஷ்லெசிங்கர், ஆஸ்திரியாவிலிருந்து யூத மனைவியோடு ஓவியர் லாங்ஹாமர். சூசா, ராசா, உசேன் போன்ற இளம் ஓவியர்களை ஆரம்பத்திலேயே ஊக்குவித்து, படம் வாங்கி, பத்திரிகையில் எழுதியவர்கள் இந்த மூவரும். பெர்லினும் வியன்னாவும் விரட்டிய ரசனை பம்பாயில் நவீன ஓவியத்துக்குத் தோள் கொடுத்தது. இதைப் பற்றி லிண்டன் தெருவில் ஒரு கண்காட்சி வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

மார்ச் 8

அரசியல் வேண்டாம் என்றார்கள், ஆனால் இந்த அருங்காட்சியகத்தைச் சுற்றிய அரசியல் சண்டைகளைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2017 டிசம்பரில் ஜெருசலேம் நகரைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரின் ஜெருசலேமும் அதில் இருந்தது. பாலஸ்தீனத் தரப்பை அதிகம் காட்டுகிறது என்று இஸ்ரேல் அரசு ஜெர்மன் அரசிடமே முறையிட்டது. 2019-இல் அருங்காட்சியகம் வெளியிட்ட ஒரு ட்வீட்டை ஒட்டி எழுந்த சண்டையில் இயக்குநர் பீட்டர் ஷேஃபர் விலகினார். யூத மரபை வாழ்நாள் முழுக்கப் படித்த பேரறிஞர், தாம் யூதர் அல்லர். 2020-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹெட்டி பெர்க் வந்தார்.

நான் அந்தக் கண்காட்சியைப் பார்த்தேன். எனக்கு அதில் குறை உண்டு, திரைகள் மிக அதிகம், பொருள் குறைவு. ஆனால் ஷேஃபர் போனது பெரிய இழப்பு. கலைக் கண்காட்சி வெறும் அலங்காரம் என்றால் இரண்டு அரசாங்கங்கள் எதற்காக அதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும்?

மார்ச் 15

இப்போது நடப்பது எழுத்தாளர் காஃப்காவைப் பற்றிய கண்காட்சி, 2025 மே 4 வரை. அவருடைய கையெழுத்துப் பிரதிகள், ஓவியங்கள், அவற்றோடு இன்றைய கலைஞர்களின் படைப்புகள்.

காஃப்கா வாழ்வின் கடைசிப் பனிக்காலத்தை, 1923-24, பெர்லினில் காதலி டோரா டயமண்டோடு கழித்தவர். பணவீக்கம் தலைக்கு மேல் போயிருந்தது, நோய் முற்றியிருந்தது, அந்த நிலையிலும் யூதக் கல்விக்கான உயர்கல்விக்கூடத்துக்கு வகுப்புக்குப் போனார். எரித்துவிடச் சொன்ன தாள்களை நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்கவில்லை. 1939-இல் நாஜிகள் பிராக் நகருக்குள் வந்தபோது அவற்றைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவற்றில் ஒரு பெரும்பகுதி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இஸ்ரேல் உச்சநீதிமன்றம் வரை போய் 2016-இல்தான் முடிந்தது.

நான் போன அன்று கூட்டம் குறைவு. காஃப்கா வரைந்த ஆட்கள் மெல்லிய கறுப்புக் கோடுகள், உடம்பை ஒடித்து மடக்கி வைத்தவர்கள். எதிரே இக்காலப் படைப்பு. எல்லாம் ஒட்டவில்லை. சில இன்றைய படைப்புகளுக்குப் பக்கத்தில் காஃப்கா பெயர் இல்லாவிட்டால் அவை அங்கே வர நியாயமே இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் நின்றபோது, அடித்தல் திருத்தல் கம்மியாக, வரி வரியாக ஓடும் அந்த வேகத்தைப் பார்த்தபோது, அரை மணி நேரம் போனது தெரியவில்லை.

மார்ச் 18

குழந்தையோடு வருகிறவர் கேட்டிருந்தார். தெருவுக்கு எதிர்ப்புறம் பழைய பூச்சந்தை மண்டபத்தில் அநோஹா என்ற குழந்தைகள் அருங்காட்சியகம் இருக்கிறது, 2021-இல் திறந்தது. நோவாவின் பேழைக் கதை. பெரிய வட்ட வடிவ மரப் பேழை, உள்ளே 150 மிருகங்கள், எல்லாம் பழைய சாமான்களைக் கொண்டு கலைஞர்கள் செய்தவை. தொடலாம், ஏறலாம். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை நன்றாக இருக்கும். அந்த வயதுக் குழந்தையைக் கோபுரத்துக்கு அழைத்துப்போக வேண்டாம்.

மார்ச் 20

இழையைத் தொடங்கியவர் நேற்று வந்து இறங்கிவிட்டார், பேசினோம். சனிக்கிழமை 22-ஆம் தேதி காலை 10 மணிக்குத் திறக்கும், வாசலில் நிற்கிறேன். கையில் பெரிய பை வேண்டாம். கறுப்புப் படியில் இறங்கியதும் இடது வலது பார்க்காமல் நேரே மாடிக்கு ஏறிவிடுவோம். கடைசி அறையில், இன்று ஜெர்மனியில் வாழும் யூதர்கள் பலர் பல திரைகளில் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாமல் பேசுவார்கள், அதை முழுதாக உட்கார்ந்து பார்ப்போம். பிறகு காஃப்கா. கோபுரமும் தோட்டமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின்.